இடைவாசல் கொடி

எங்கள் தெருவில் யாராவது வீட்டுக்குக் கொடி வைக்க நினைத்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைப்பது வழக்கம். தாவரவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்ற டீச்சருக்குக் காது கொடுக்க ஆள் கிடைத்தால் விடுவாளா? எது வெயில் தாங்கும், எது நிழலிலும் பூக்கும், எது சுவரை அரிக்கும், எது கம்பி கட்டாமல் நிற்காது என்று ஒரு பாடவேளை முழுக்கப் பேசித்தான் அனுப்புவேன். இப்போதும் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் இப்போது முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன். "இந்தக் கொடி வேணும்னு சொன்னது யாரு?" எதற்கு இப்படிக் கேட்கிறேன் என்று தெரியாமல் விழிக்கிறார்கள். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுகூட நினைக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும்.

என் வீட்டு மதிலில் தரைவரை தொங்கும் பச்சைக் கொடியைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கேட்க வருகிறார்கள். அதை வைக்கச் சொன்னது என் அக்கா. வைத்தது நான். அதை வைத்து என் அக்காவை நானே எனக்கு மறைத்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் அப்பா வாங்கிப் போட்டிருந்த மனையை எங்கள் இருவருக்கும் சரிபாதியாக எழுதி வைத்தார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தான் போன பிறகு அக்காவும் தனிதான். ஒரே மகன் பெங்களூரில் வேலை பார்த்தான். நாகர்கோவிலில் என்னோடு வேலை செய்த சிநேகிதி, "நம்ம ரெண்டு பேரும் ஒரு வீட்டுல இருப்போம், வா" என்று கூப்பிட்டபடியே இருந்தாள். அக்கா விடவில்லை. "கூடப் பொறந்தவ நான் கல்லுமாதிரி இருக்கேன், நீ எதுக்கு அங்கன போற? கடைசிக் காலத்துல ஒருத்திக்கு ஒருத்தி பாத்துக்கிடுவோம்" என்றாள். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் என் சேமிப்பையெல்லாம் அந்த மனையில் கொட்டினேன். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் வீடு கட்டினோம்.

நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மதில். இரண்டு வீட்டுச் சமையலறைக்கும் நேராக அந்த மதிலில் ஒரு சின்ன இரும்புக் கதவு வைத்தோம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் இடைவாசல். சபை ஐயர் வந்து இரண்டு வீட்டையும் ஒரே நாளில் ஜெபம் செய்து பிரதிஷ்டை செய்தார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். முன்வாசல்களுக்கு ஜெபம் முடித்துவிட்டுப் புறப்பட்டவரை அக்காதான் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து, "ஐயரே, இதுக்கும் ஒரு ஜெபம் பண்ணுங்க. இந்த வாசல் அடையவே கூடாது" என்றாள். ஐயர் சிரித்துக்கொண்டே அந்த இரும்புக் கதவின் மேல் கை வைத்து ஜெபித்தார். அவள் கேட்டதற்குச் சாட்சி நான் மட்டுமில்லை, பந்தலில் இருந்த எல்லோரும்தான்.

சில வருடங்கள் அந்த வாசல் உண்மையாகவே வாசலாக இருந்தது. காலையில் காபி அங்கிருந்து வரும், மத்தியானம் என் குழம்பு இங்கிருந்து போகும். சாயங்கால ஜெபம் ஒரு நாள் அவள் வீட்டில், ஒரு நாள் என் வீட்டில். யார் வீட்டில் நடந்தாலும் அவளுடைய பத்தமடைப் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். என் வீட்டுப் பாய் அவள் முழங்காலைக் குத்துமாம். பாடும்போது எப்போதும் அவளுக்கு ஒரு அடி முந்திப் போகிற பழக்கம். நான் பின்னால் ஓடிப் பிடிப்பேன்.

ஒரு ஆனி மாதம் அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏட்டி, இந்தக் கச்சான் காத்து வந்தா எங்கட்டில் முழுக்க மண்ணா கெடக்கு. சாயங்கால வெயில் வேற சுவரைச் சுட்டு எடுக்கு. மதிலு மேல அடர்த்தியா ஏதாவது ஏத்தி விடேன்."

அதில் பொய் இல்லை. என் வீடு மேற்கே, அவள் வீடு கிழக்கே. என் வீடு தெருவை ஒட்டி இருக்கிறது. பின்னால் முழுக்க வெறும் தோட்டம். அந்த வெட்டவெளியைத் தாண்டி வருகிற மேற்கு வெயிலும் காற்றும் நேராக அவள் படுக்கையறைச் சுவரில்தான் போய் அடிக்கும். எனக்கோ தலைகால் புரியவில்லை. கொடி என்றால் எனக்கு அவ்வளவு பிரியம்.

"ரங்கூன் மல்லி வைக்கட்டா? இடைவாசல் மேல வளைச்சு விட்டா, நீ வரும்போதெல்லாம் தலைமேல பூவா தொங்கும். அந்திக்கு என்னமா மணக்கும் தெரியுமா?"

"பூவெல்லாம் வேண்டாம். கொட்டிக்கிட்டே கெடக்கும், யாரு பெருக்க? அடர்த்தியா வேணும். அங்கன இருந்து பாத்தா இங்கன ஒண்ணும் தெரியக்கூடாது."

"அங்கன இருந்து யாரு பாக்கா? நாந்தான பாக்கேன்."

"வெயிலச் சொல்லுதேன்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கு எப்போதுமே பேச்சு கொஞ்சம் முந்திவிடும்.

பிறகு நான் செய்ததையெல்லாம் நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சல் வருகிறது. ஏதோ பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கொடிகளை ஒவ்வொன்றாக அலசினேன். காகிதப்பூ வெயிலுக்கு நன்றாக வரும், ஆனால் முள், அதோடு தானாக எதையும் பற்றி ஏறாது. சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறும் கொடி அழகுதான். ஆனால் ஒட்டுவதற்கு வேர் விடும், பிய்த்தால் சுவர்ப்பூச்சும் சேர்ந்து வரும். பிச்சி வைத்தால் பூப்பறிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே என் காலம் போய்விடும். பூண்டு மணக்கும் ஊதாப்பூக் கொடி ஒன்று உண்டு, அது கச்சான் காற்றுக்கு நார் நாராகக் கிழியும். சங்குப்பூ மெலிசு, ஓணானைக்கூட மறைக்காது. கடைசியில் நின்றது கர்ட்டன் கொடி. மேலே ஏற்றி விட்டால் போதும், அங்கிருந்து இலை இலையாகத் தரைவரை தொங்கும். எல்லாக் காலத்திலும் பச்சை. பேர் சொல்லும்படி பூவும் கிடையாது, மணமும் கிடையாது. அக்கா கேட்டது அச்சு அசலாக அதுதான்.

பேட்டையில் ஒரு பட்டறையில் சொல்லி, மதிலுக்கு மேல் ஆள் உயரத்துக்கு இரும்புச் சட்டமும் கம்பி வலையும் அடித்து வாங்கினேன். நாற்கரச் சாலை ஓரத்து நர்சரியில் கன்று எடுத்தேன். கர்ட்டன் கொடியில் ஒரு சங்கதி உண்டு. கொடி என்று பெயர்தானே தவிர, அதற்குப் பற்றுக்கம்பியும் கிடையாது, சுற்றுகிற புத்தியும் கிடையாது. இளந்தண்டை ஒவ்வொன்றாகப் பிடித்து, துணிக் கிழிசலால் கம்பியில் கட்டிக் கட்டி மேலே ஏற்ற வேண்டும். நுனியைக் கிள்ளிவிட்டால்தான் பக்கத்தில் கிளைக்கும். தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று கட்டினேன். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற நேரம் பார்த்து ஊற்றினேன். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை அதற்குக் காட்டவே இல்லை. கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன். அக்கா அந்தப் பக்கத்தில் நின்று வேலை வாங்குவாள். "இங்கன இடைவெளி தெரியுது பாரு." "இந்தா, இங்கன ஒரு கிளையத் தள்ளி விடு." மேஸ்திரிகூட அப்படி நின்று வேலை வாங்க மாட்டார்.

இடைவாசலை மட்டும் நான் விட்டு வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் பச்சை நிற்க, நடுவில் கதவு மட்டும் வெளிச்சமாக இருந்தது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அது மட்டும் ஓட்டவாய் மாதிரி தெரியுதுல்லா? மேல கட்டி விடு. பைய விலக்கிக்கிட்டு வந்தாப் போச்சு."

எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. பச்சை இலைத் திரையை விலக்கிக்கொண்டு அக்கா காபி டம்ளரோடு வருவாள்! சட்டத்தின் மேல் அந்த இடத்தையும் பார்த்துப் பார்த்து மூடினேன். முதல் வருடம் அப்படித்தான் வந்தாள். தலையில் இலையை வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். "ராணியம்மா வாராவ" என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அசலா போலியா என்று இப்போது பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருக்கிறது. அவள் என்னை ஏமாற்றியது போகட்டும். நன்றாக இருந்த நாட்களையும் சந்தேகப்பட வைத்துவிட்டாளே.

அடுத்த ஐப்பசி மழைக்குக் கொடி கன்னாபின்னா என்று அடர்ந்துவிட்டது. ஒரு நாள் அவள் தெரு வழியாகச் சுற்றி, மூச்சு வாங்க என் முன்வாசலுக்கு வந்தாள்.

"ஏளா, இனி அந்த வாசலப் பக்கம் போகாத. கொடிக்குள்ள பச்சைப் பாம்பு கெடக்கு. எங்கண்ணால பாத்தேன்."

பச்சைப் பாம்பால் ஆளுக்கு ஆபத்து இல்லை என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் புத்தகத்துப் பாம்பு வேறு, தலைக்கு மேல் தொங்குகிற பாம்பு வேறு. எனக்குப் பாம்பு என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர் போய்விடும். அது அக்காவைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அன்றிலிருந்து நான் இடைவாசல் பக்கம் போகவில்லை. கொடிக்குத் தண்ணீர்கூட எட்டி நின்று குழாய் வைத்துத்தான் விட்டேன். இன்றுவரை அந்தப் பாம்பை நான் பார்த்ததில்லை.

அதே மாதத்தில் அவள் வீட்டுக் குளியலறையில் ஓடு மாற்றுவதாகச் சொல்லிக் கொத்தனார் வந்தார். சிமெண்டும் கல்லும் வந்து இறங்கின. நான் தெரு வழியாக நடந்து போய்க் கொத்தனாருக்கும் அவருடன் வந்த சித்தாளுக்கும் காபி கொடுத்துவிட்டு வந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இந்தக் காபிக்கு வருவேன்.

அதன் பிறகு எல்லாமே தெரு வழியாகத்தான். காபி நின்றது. "முழங்கால் வலிக்கு, சுத்தி வர முடியல" என்றாள். சாயங்கால ஜெபத்துக்கு நான் மட்டும் போனேன், பாம்பு பயத்தில் பின்பக்கம் எட்டிப் பார்க்காமல் கூடத்தோடு திரும்பினேன். பிறகு அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆனது. நான் அதையெல்லாம் முழங்கால் கணக்கில் எழுதினேன். கொடிக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்கும். ஆண் குரல்கள், செருப்புச் சத்தம், ஜன்னலைத் திறந்து மூடுகிற சத்தம். இலைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாலும் இலைதான் தெரியும். அவ்வளவு நன்றாக வளர்த்திருந்தேன். கேட்டால், "கரண்டுக்காரன்" என்பாள், "சபையில இருந்து வந்தாவ" என்பாள்.

பிறகு ஒரு நாள், "மகன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். கொஞ்ச நாள் பெங்களூரு போயிட்டு வாரேன்" என்றாள்.

நெடும்பயணம் போகிறவர்கள் புறப்படும் முன் ஐயரை அழைத்து வீட்டில் ஜெபம் வைப்பது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம். பிரயாண ஜெபம் என்போம். அக்காவும் வைத்தாள். அவள் வீட்டுக் கூடத்தில் சபையின் பெண்கள் ஐக்கியம் முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது. சுவரில் இருந்த படங்களைக் காணோம். கேட்டேன். "வந்த பெறகு வெள்ளையடிக்கணும்லா, அதான் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். அத்தானின் போட்டோ இருந்த இடத்தில் ஆணி மட்டும் நின்றது.

நான்தான் அன்றைக்குப் பாட்டை எடுத்துக் கொடுத்தேன். ஐயர் நீளமாக ஜெபித்தார். இந்தக் குடும்பம் இந்த வீட்டில் பெற்ற எல்லா நன்மைகளுக்காகவும் நன்றி சொன்னார். இனி இந்த வீட்டில் வாசம் பண்ணப் போகிறவர்களையும் ஆசீர்வதியும் என்றார். பாவம், வயதாகிவிட்டது, கிரகப்பிரவேச ஜெபத்தையும் பிரயாண ஜெபத்தையும் கலந்து அடிக்கிறார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆமென் மட்டும் எல்லோரையும்விட உரக்கச் சொன்னேன்.

கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள். எதிர்வீட்டம்மா அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். இன்னும் இரண்டு பேர் மூக்கைத் துடைத்தார்கள். எனக்கு வேடிக்கையாகப் போயிற்று.

"எதுக்கு இந்த அழுகை? பெங்களூருக்குத்தான போறா, பரலோகத்துக்கா போறா?"

வழக்கமாக என் பேச்சுக்குச் சிரிக்கிற கூட்டம் அது. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கையிலிருந்த கேசரித் தட்டையே பார்த்தார்கள். ஐயர் செருப்பைத் தேடப் போனார். அக்கா, "இவ ஒருத்தி" என்று சொல்லிவிட்டு எனக்கு மட்டும் இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள். நான் அதையும் தின்றேன்.

ஸ்டேஷனுக்கு எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு நான்தான் போனேன். சாவியைக் கேட்டேன், விளக்காவது போட்டு வைக்கலாமே என்றுதான். "சாவி கோயில்பிள்ளைகிட்ட இருக்கு. உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்? நீ கொடியப் பாத்துக்க" என்றாள். கோயிலைத் திறந்து பூட்டுகிறவரிடம் கொடுத்த சாவியைக் கூடப்பிறந்தவளிடம் கொடுக்கவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் விடாமல் இருந்தாள். நான் கூடவே ஓடினேன். அந்த வயதில் பிளாட்பாரத்தில் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு கொடிக்கு அந்தப் பக்கம் துளை போடுகிற சத்தம் வந்தது. போனில் கேட்டேன். "வெள்ளையடிக்க ஆளு வந்திருப்பாவ" என்றாள். நான் கொடியைப் பார்த்துக்கொண்டேன். நுனி கிள்ளினேன், காய்ந்த குச்சியை எடுத்தேன். அவள் பக்கம் பெயிண்டர்களின் மேல் இலை விழுந்து தொந்தரவாக இருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை என் முன்வாசலில் ஒரு இளம்பெண் வெற்றிலை, பழம், குங்குமம் வைத்த தட்டோடு வந்து நின்றாள்.

"டீச்சர், நாளைக்குக் காலைல பால் காய்ச்சுதோம். நீங்க கட்டாயம் வரணும்."

"சந்தோஷம்மா. எந்த வீடு?"

"இந்தா, பக்கத்து வீடுதான்." அக்கா வீட்டைக் கையால் காட்டினாள்.

வாடகைக்கு விட்டிருக்கிறாள் போல என்று நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்து, "எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டேன். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சிரித்தாள்.

"சொந்த வீடுதான் டீச்சர். வாங்கியாச்சு. பேசி முடிச்சு ரொம்ப நாளாச்சே. நாங்க எத்தனவாட்டி வந்து பாத்தோம்! உங்களுக்கு எல்லாம் தெரியும்னுதான் உங்கக்கா சொன்னாவ."

அவள் நல்ல பெண். என் முகத்தைப் பார்த்துத் தவறாகப் புரிந்துகொண்டு, ஆறுதலாக ஒன்று சொன்னாள்.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதிய டீச்சர். உங்களுக்கு யாரும் வந்து போறது பிடிக்காது, தனியா இருக்கதுதான் பிடிக்கும், அதான் நீங்களே கொடி வச்சு அந்த வாசல அடைச்சுட்டியன்னு அக்கா சொன்னாவ. நாங்க எந்தத் தொந்தரவும் பண்ண மாட்டோம்."

தட்டை வாங்கிக்கொண்டேன். வரேன் என்றோ வரவில்லை என்றோ ஏதோ சொன்னேன். அவள் போன பிறகு வெற்றிலையைத் தண்ணீரில் போட்டு வைத்தேன். வாடிவிடுமே என்ற எண்ணம் வந்ததே தவிர வேறு எண்ணம் எதுவும் வரவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில் கேட்டேன், "வீட்ட வித்துட்டியாக்கா?"

சொன்னாள். "மகன் இங்கன ஒரு வீடு பாத்தான். எனக்கும் வயசாகுதுல்லா. உங்கிட்ட சொன்னா நீ அழுவ. உன் அழுகைய என்னால தாங்க முடியாதுடி."

"தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. ஐயருக்குத் தெரிஞ்சிருக்கு."

"நாந்தான் யாரும் சொல்லக்கூடாதுன்னு சொன்னேன். போயி சேந்த பெறகு நானே பைய சொல்லிக்கிடுதேன்னு..."

"கொடி?"

"என்ன கொடி?"

"கொடிய எதுக்கு வைக்கச் சொன்ன?"

அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகைக்கு நடுவில் அதுவும் வந்தது. நடுவில் வாசல் இருந்தால் வாங்க வருகிறவன் யோசிப்பான், பின்னால் தங்கச்சிக்காரி வழிப் பாத்தியதை கேட்டு நிற்பாள் என்று பயப்படுவான், மதில் அடைத்த மாதிரி இருக்க வேண்டும் என்று புரோக்கர் முதலிலேயே சொல்லிவிட்டாராம். முதலிலேயே என்றால் எப்போது? அந்த ஆனி மாதம். கச்சான் காற்று, கட்டிலில் மண், சாயங்கால வெயில் எல்லாம் அதற்குப் பிறகுதான். இடைவெளி தெரிகிறது, இங்கன ஒரு கிளையைத் தள்ளி விடு என்று அவள் நின்று வேலை வாங்கியதெல்லாம் எவனோ ஒருவன் வந்து பார்ப்பதற்கு.

"நான் பாத்தியதையா கேப்பேன்?" என்று கேட்டேன்.

"நீ கேக்க மாட்ட. எனக்குத் தெரியும்."

தெரிந்தே செய்திருக்கிறாள்.

போனை வைத்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பாம்பு பயம் அன்றைக்கு வரவில்லை. இருந்தால் கடிக்கட்டும் என்றுதான் போனேன். இடைவாசலுக்கு மேல் தொங்கிய கொடியைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து வெட்டினேன். தண்டு முற்றிப் போயிருந்தது, கை கன்றிவிட்டது. புதிதாக வந்தவர்களாவது அந்தக் கதவைத் திறந்து பார்க்கட்டும், அடைத்தது நான் இல்லை என்று தெரியட்டும் என்ற ஒரே எண்ணம். கடைசியில் எங்கள் இரும்புக் கதவு வெளியே வந்தது. துருப்பிடித்திருந்தது. இழுத்தேன். கீல் கிறீச்சிட்டுத் திறந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் சிமெண்டுக் கல் அடுக்கி, வாசலை முழுக்க அடைத்திருந்தார்கள். புது வேலை இல்லை அது. கல்லெல்லாம் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. கல்லுக்கும் கதவுக்கும் நடுவில் என் கொடியின் பழைய இலைகள் மக்கிக் கிடந்தன. அந்தப் பாசியைப் பார்த்தபோதுதான் குளியலறைக்கு ஓடு மாற்ற வந்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நான் கொண்டுபோய்க் கொடுத்த காபி ஞாபகம் வந்தது.

அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அவள் பயந்த அழுகை அதுதான். அதைத் தாங்க முடியாதவள் அதைப் பார்க்காத தூரத்துக்குப் போயிருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "டீச்சர், கொடிய முழுசா வெட்டிராதிய. எங்க ரூமுக்கு நல்லா நெழலா இருக்கு."

முழுசாக வெட்டவில்லை. அவள் என்ன செய்தாள் பாவம். நாகர்கோவில் சிநேகிதியை நினைத்தேன். அவள் மகளோடு வெளிநாடு போய் நாளாகிவிட்டது. நான் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். மறுநாள் பால் காய்ச்சுகிற இடத்துக்குப் போனேன். பால் பொங்கியது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இந்த முறை நான் அவர்களை நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள்தான் தலையைக் குனிந்தார்கள். எதிர்வீட்டம்மாவிடம் இன்றுவரை நான் பேசுவதில்லை. கோயிலில் ஐயர் கை கொடுத்தால் கை கொடுப்பேன், அவ்வளவுதான். ஊர் முழுக்க ஒன்று சேர்ந்து ஒரு மனுஷியின் நன்மைக்காக அவளிடம் பொய் சொல்லலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?

இடைவாசலுக்கு மேல் வெட்டிய இடம் ஒரே மழைக்காலத்தில் மறுபடி மூடிக்கொண்டது. நான் கட்டவில்லை, கிள்ளவில்லை. பக்கத்துக் கிளைகள் தாமாகத் தொங்கிச் சேர்ந்துவிட்டன. நான் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன்.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். மாதம் ஒருமுறை கூப்பிடுகிறாள், நானும் எடுக்கிறேன். உடம்பு, மாத்திரை, மழை எல்லாம் பேசி முடித்த பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏட்டி, இங்கன பால்கனிக்கு நேர எதிர் வீட்டுக்காரன் நின்னு பாத்துக்கிட்டே இருக்கான். மறைக்கதுக்கு என்ன கொடி வைக்கலாம்?"

தப்பாக எதையாவது சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஒரே வெயிலில் காய்ந்து போகிற எதையாவது சொல்லலாம். ஆனால் எத்தனையோ வருடம் பாடம் நடத்திய வாய். சரியாகத்தான் வந்தது.

"கர்ட்டன் கொடி வை. தொட்டிய மேல வச்சு, கீழ தொங்க விடு. நல்லா மறைக்கும்."

"அது பூக்காதுல்லா?"

"பூக்காது."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "தனியா இருக்கவே பிடிக்கலடி. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிடுதாவ. நீ ஒருவாட்டி வந்து எங்கூட இரேன்" என்றாள்.

"எந்த வாசல் வழியா வரட்டும்?" என்று கேட்டேன்.

அதற்கு அக்கா, "தொட்டி எவ்வளவு பெருசு வேணும்?" என்று கேட்டாள்.

சொன்னேன்.